தொட்டியில் கொட்டிய காப்பி

பிப்ரவரி 14

நர்ஸம்மாவுக்கு,

அன்றைக்கு இருந்தவர்கள்: கரண்ட் வேலை பார்க்கிற என் மகன், அவன் மனைவி, என் மகள், பெயிண்ட் கடை வைத்திருக்கிற மாப்பிள்ளை, காலேஜ் போகிற பேத்தி, பக்கத்துக் கடைத் தையல்காரர், நீ, நான். மொத்தம் எட்டுப் பேர். எட்டு கப் காப்பி போட்டேன். ஏழு கப் வயிற்றுக்குள் போயிற்று. ஒன்று பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குள் போயிற்று. அது யாருடையது என்று நான் எழுத வேண்டியதில்லை.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்து கோணலாகத்தான் இருக்கும். பேத்தியை விட்டு எழுதச் சொல்லியிருக்கலாம். அவளிடம் சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரி. போன் போட்டால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய். பத்தாம் தேதி ஒரு தடவை, பதினோராம் தேதி ஒரு தடவை. கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார், அதனால் எழுதுகிறேன்.

முப்பத்தாறு வருஷம் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுவிட்டு ஓய்வு பெறுகிறாய், தனி ஆள், இனிமேல் அண்ணியோடு இருக்கட்டும் என்று பின்பக்க அறைக்குப் பெயிண்ட் அடித்தோம். ஜன்னலுக்குப் புதுக் கொக்கி மாட்டினோம். ஒன்பதாம் தேதி காலை பத்து மணிக்கு இரண்டு பெட்டியோடு வந்தாய். மாலை நாலு மணிக்கு அதே இரண்டு பெட்டியோடு போனாய். நடுவில் நடந்தது அந்த ஒரு கப் காப்பிதான்.

ஒரு வாய் குடித்தாய். முகம் சுண்டியது. எழுந்து நேரே தொட்டிக்குப் போனாய், குழாயைத் திறந்தாய், ஊற்றினாய், கப்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாய். கொட்டியதைக்கூட விடு. கழுவிக் கவிழ்த்தாய் பார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"என்னடி?" என்று கேட்டேன்.

"உங்களுக்கே தெரியும் அண்ணி" என்றாய்.

எனக்கு என்ன தெரியும்? என் மகன் "நல்லா இருக்கும்மா" என்றான். தையல்காரர் "அக்கா காப்பின்னா அக்கா காப்பிதான்" என்றார். மாப்பிள்ளை முழுக் கப்பையும் குடித்துவிட்டு, "அத்தை, இன்னொரு கப் கிடைக்குமா?" என்று கேட்டு, பாத்திரத்தில் மிஞ்சியிருந்ததையும் வாங்கிக் குடித்தார். உன் ஒருத்தி நாக்குதான் தங்க நாக்கா?

எனக்குக் காரணம் தெரியும். உன் அம்மாவின் காப்பி அரைக்கிற கை மிஷின் உனக்கு வராமல் எனக்கு வந்தது. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் போகவில்லை. நான் எதையும் மறக்கிறவள் இல்லை. இந்த வீட்டுக்கு நான் வந்த முதல் நாள், வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்து, "அம்மா, அண்ணி கதவை விட உசரமா இருக்காங்க" என்று கத்தினாய். உனக்குப் பதினோரு வயது. மஞ்சள் ரிப்பன், அதில் ஒரு பக்கம் அவிழ்ந்திருந்தது.

உன் மூக்குக்கண்ணாடிக் கூட்டை விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். பார்சலில் அனுப்புகிறேன். அறையைப் பூட்டிவிட்டேன்.

உன் அண்ணி


பிப்ரவரி 20

அண்ணிக்கு,

கடிதமும் கண்ணாடிக் கூடும் வந்து சேர்ந்தன. நன்றி. காகிதம் மூன்று இடத்தில் கிழிந்திருக்கிறது. பேனாவை அவ்வளவு அழுத்த வேண்டாம், மணிக்கட்டு வலிக்கும்.

மிஷின் மேல் எனக்கு எந்த ஆசையும் இல்லை. நான் கொட்டியதற்குக் காரணம் வேறு. நீங்கள் எழுத வைத்ததால் எழுதுகிறேன்.

அந்தக் காப்பியில் அந்துருண்டை வாடை அடித்தது. லேசாக இல்லை அண்ணி, குப்பென்று. துணிக்குள் போடுகிற அதே வெள்ளை உருண்டை. முப்பத்தாறு வருஷம் மருந்து அறையில் மூக்கை வைத்துக்கொண்டு வேலை பார்த்தவள் நான். எனக்கு வாடை தப்பாது.

வாயில் வைத்ததும் மற்றவர்களைப் பார்த்தேன். எல்லோரும் சிரித்துக்கொண்டு குடிக்கிறார்கள். மாப்பிள்ளை இரண்டாவது கப் கேட்கிறார். அப்படியென்றால் அவர்கள் காப்பி நன்றாக இருக்கிறது, என் கப்பில் மட்டும்தான் ஏதோ இருக்கிறது. வேறு என்ன நினைப்பது? எனக்கு நீங்கள் தனியாகக் கப் எடுத்து வந்து கையில் கொடுத்தீர்கள். "இது உனக்கு" என்று சொல்லிக் கொடுத்தீர்கள்.

நான் வந்து தங்குவது பிடிக்கவில்லை என்றால் வாயால் சொல்லியிருக்கலாம். நான் பெட்டியையே திறந்திருக்க மாட்டேன்.

இப்போது ஒரு பேக்கரிக்கு மேலே வாடகை அறையில் இருக்கிறேன். வீட்டுக்காரர் ஒரு வருஷத்துக்கு ஒப்பந்தம் எழுதிவிடலாமா என்று கேட்கிறார். மார்ச் கடைசிக்குள் பதில் சொல்கிறேன் என்றிருக்கிறேன். அநேகமாக எழுதிவிடுவேன்.

நாத்தனார்


பிப்ரவரி 24

விஷம் வைக்கிறவள் எழுதுவது,

அப்படித்தானே நினைத்திருக்கிறாய். நன்றாக இருக்கிறது. நாற்பத்தொன்பது வருஷப் பழக்கத்துக்கு இந்தப் பட்டம்தான் பாக்கி இருந்தது.

"இது உனக்கு" என்று நான் கொடுத்தது நீலப் பூப் போட்ட கப். நீ பத்தாவது பாஸ் பண்ணியபோது உன் அண்ணன் உனக்கு வாங்கித் தந்தது. பிடியில் கீறல் விழுந்த பிறகும் அதை ஒருத்தருக்கும் கொடுக்காமல் உனக்காக எடுத்து வைத்திருந்தேன். கப்தான் வேறு. காப்பி எல்லோருக்கும் ஒரே பாத்திரத்திலிருந்துதான். உட்கார்ந்து படி, எப்படிப் போட்டேன் என்று சொல்கிறேன். ஒரு இடத்தில் குற்றம் கண்டுபிடி பார்க்கலாம்.

பச்சைக் கொட்டையை நானே பொறுக்கினேன். ஓட்டை விழுந்தது, கறுத்தது, உடைந்தது எல்லாம் போய் முக்கால் பங்குதான் தேறியது. அடி கனமான இரும்புச் சட்டியில், சின்னத் தீயில், கை எடுக்காமல் கிளறி வறுத்தேன். முதலில் பச்சை வாசனை வரும், பிறகு ரொட்டி சுடுகிற வாசனை வரும், பிறகு படபடவென்று ஒரு தடவை வெடிக்கும். அந்த வெடிப்பு அடங்கி இரண்டாவது வெடிப்பு தொடங்கப் போகிறது என்கிறபோது இறக்க வேண்டும். அரை நிமிஷம் பிந்தினால் கரி. தட்டில் பரப்பி, அட்டையால் விசிறி, தோலை ஊதித் தள்ளினேன். இது நாலாம் தேதி, செவ்வாய்க்கிழமை.

வறுத்த கொட்டையை உடனே அரைக்கக் கூடாது. நாலைந்து நாள் மூச்சு விட வேண்டும். டப்பாவை இறுக்கி மூடினால் புழுங்கிப் போகும். அதனால் மூடி போடாமல், வாய்க்கு மெல்லிய துணியைக் கட்டி வைத்தேன். சமையலறையில் வைக்கவில்லை. போன தடவை வறுத்ததில் பாதியை என் மருமகள் தையல்காரருக்கு அள்ளிக் கொடுத்தாள். அக்டோபர் பதினெட்டாம் தேதி, என் கண் முன்னால், கரண்டியால்கூட இல்லை, கப்பால் அள்ளிக் கொடுத்தாள். இது நீ வருகிற அன்றைக்கு என்று வறுத்தது. அதனால் என் அறையில், கம்பளித் துணி அடுக்கியிருக்கிற அலமாரியில், கீழ்த்தட்டில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். ஐந்து நாள் ஒரு ஈ எறும்பு கிட்டே போகவில்லை.

நீ வாசலுக்கு வந்த பிறகுதான் எடுத்து அரைத்தேன். கொதி அடங்கின தண்ணீரைத் துணி வடிகட்டியில் முதலில் கொஞ்சமாக ஊற்றி, தூள் பொங்கி எழும்பட்டும் என்று முப்பது எண்ணினேன். மீதியைப் பொறுமையாகச் சுற்றி ஊற்றினேன். பாலை ஒரே கொதியில் இறக்கினேன். இதில் எங்கே வந்தது அந்துருண்டை? சொல்.

ஒப்பந்தம் எழுதுகிறாயா, எழுதிக்கொள். எனக்கென்ன.

உன் அண்ணி


பிப்ரவரி 28

அண்ணிக்கு,

ஒரே ஒரு கேள்வி. அந்த அலமாரியில் கம்பளித் துணியைப் பூச்சி அரிக்காமல் இருக்க என்ன போட்டு வைத்திருக்கிறீர்கள்?

நாத்தனார்


மார்ச் 11

நாத்தனாருக்கு,

பதில் எழுதப் பதினொரு நாள் ஆயிற்று. எனக்கு வேலை இருந்தது. விசாரணை வேலை.

உன் கடிதத்தைப் படித்ததும் அலமாரியைத் திறந்து, மிச்சக் கொட்டையோடு அங்கேயே திரும்ப வைத்திருந்த டப்பாவை முகர்ந்து பார்த்தேன். காப்பி வாசனைதான் வந்தது. உனக்குப் பதிலுக்கு நாலு வார்த்தை நறுக்கென்று எழுதலாம் என்று பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். பிறகு ஒரு யோசனை. நான் படுப்பது அந்த அறையில். போர்த்துவது அந்த அலமாரிக் கம்பளி. போடுவது அந்த அலமாரி ஸ்வெட்டர். என் மூக்கு சாட்சி சொன்னால் எந்தக் கோர்ட்டில் எடுபடும்?

டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு, ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். பையை பெஞ்சின் அந்த முனையில் வைத்துவிட்டு இந்த முனையில் உட்கார்ந்திருந்தேன். ஏழு பஸ் போயிற்று. மூக்கில் நல்ல காற்று ஏறட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், ஒவ்வொரு டிரைவரும் நிறுத்தி, "ஏறுறீங்களாம்மா?" என்று கேட்கிறான். ஒரு மணி நேரம் கழித்துத் துணியை அவிழ்த்து முகர்ந்தேன்.

பக்கத்தில் நின்ற ஒரு பெண் "என்னம்மா, மயக்கமா?" என்று தோளைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான் எழுதுவேன். அலமாரியில் எத்தனை உருண்டை என்று எண்ணினேன். பதினாறு. டப்பாவுக்குப் பின்னால் மட்டும் நாலு.

வீட்டுக்கு வந்து ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டேன். தனித்தனியாக. கதவைச் சாத்திக்கொண்டு.

முதலில் மகன். "அன்னைக்குக் காப்பி எப்படிடா இருந்துச்சு?"

"நல்லாத்தாம்மா இருந்துச்சு."

"என் முகத்தைப் பார்த்துச் சொல்லு."

முகத்தைப் பார்த்தான். "கொஞ்சம் மருந்து வாடை வந்துச்சும்மா. சொன்னா நீ ஒரு வாரத்துக்குப் பேச மாட்டே. போன தடவை சீனி கம்மின்னு சொன்னதுக்கு ஒம்போது நாள் பேசல."

பதினொரு நாள். அவனுக்கு ஞாபக சக்தி அவன் அப்பா மாதிரி.

அடுத்தது மருமகள். அவள் வந்ததும் அழுதுவிட்டாள். "அத்தை, நான் குடிக்கவே இல்ல. நீங்க அந்தப் பக்கம் திரும்பினதும் பூச்சாடியில ஊத்திட்டேன்." ஜன்னலோரத்துச் செடி ஏன் ஒரு மாசமாக முகத்தைத் தொங்கப் போட்டிருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது. மகள், "அம்மா, பாத்ரூம்" என்று சொல்லி எழுந்து போனாளே, கப்போடு போனாள். நான் எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்று எனக்கே ஆறவில்லை. பேத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தாளாம். "பாட்டி, அதுக்கப்புறம் ரெண்டு நாள் என்னை ஒரு கொசு கடிக்கல" என்கிறாள். கழுதை.

தையல்காரர் கடையில் போய்க் கேட்டேன். அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, நான் அது ஏதோ புதுசா வந்திருக்கிற ஒசந்த ரகம்னு நினைச்சேன். எனக்குத்தான் ருசி தெரியலையோன்னு பேசாம இருந்துட்டேன்."

மாப்பிள்ளை சரக்கு எடுக்க வெளியூர் போயிருக்கிறார். வந்ததும் அவருக்கும் இருக்கிறது.

ஆக, வயிற்றுக்குள் போனது ஏழு கப் இல்லை. ஒன்று பூச்சாடி, ஒன்று பாத்ரூம், ஒன்று தொட்டி. மூன்று பேர் கொட்டியிருக்கிறார்கள். என் கண்ணுக்கு முன்னால் கொட்டியவள் நீ ஒருத்திதான்.

உன் மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி போய்விட்டது. மீதிப் பாதி போகாது. வாயைத் திறந்து, "அண்ணி, அந்துருண்டை நாறுது" என்று அங்கேயே சொல்லியிருந்தால் நாலு மணிக்குப் பெட்டியைத் தூக்க வேண்டாமே. இருபத்தைந்து வயது நர்ஸாக இருந்தபோது பெரிய டாக்டரையே "கை கழுவிட்டு வாங்க சார்" என்று திருப்பி அனுப்பியவள் நீ. என்னிடம் மட்டும் என்ன பயம்?

இதற்குப் பதில் எழுது.

உன் அண்ணி


மார்ச் 16

அன்புள்ள அண்ணிக்கு,

பஸ் நிறுத்தம் வரை படித்துவிட்டுக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். சிரித்துச் சிரித்து விலா வலித்தது. கீழே பேக்கரிக்காரர் "மேலே எல்லாம் சரியா இருக்கா?" என்று குரல் கொடுத்தார்.

என்ன பயம் என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். உங்களுக்கு எதுவும் மறக்காது. அந்தக் காப்பியை வாயில் வைத்ததும் எனக்கு முதலில் தோன்றியது, "கடைசியில் அண்ணிக்குத் தெரிந்துவிட்டது" என்பதுதான்.

எனக்குப் பதினாலு வயதாக இருந்தபோது கை மிஷினின் கைப்பிடி உடைந்தது. பூனை தள்ளிவிட்டது என்று சொன்னேன். பூனை இல்லை. மிஷினில் வேர்க்கடலை போட்டு அரைத்துப் பார்த்தேன், சிக்கிக்கொண்டது, நான் தொங்கி இழுத்தேன். அம்மா ஒரு வாரம் பூனையை வீட்டுக்குள்ளேயே சேர்க்கவில்லை. நாற்பத்தாறு வருஷம் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. மிஷின் உங்களுக்கு வந்தபோது, கம்பி சுற்றிய அந்தக் கைப்பிடியை நீங்கள் ஒவ்வொரு தடவை சுற்றும்போதும் எனக்கு உள்ளே உறுத்தும். அதனால்தான் மிஷின் பக்கமே நான் வர மாட்டேன். நீங்கள் வயிற்றெரிச்சல் என்று நினைத்தது அதுதான். அன்றைக்கு இந்தக் கணக்கைத்தான் தீர்க்கிறீர்கள் என்று நினைத்து எழுந்து போனேன்.

இன்னொரு விஷயம். காப்பி போட்ட விதத்தை எழுதியிருந்தீர்களே, அந்தக் கடிதத்தைச் சுவரில் ஒட்டிவைத்து, அதில் இருக்கிற மாதிரியே செய்து பார்த்தேன். பச்சைக் கொட்டை வாங்கினேன், பொறுக்கினேன். இரும்புச் சட்டி இல்லை, பேக்கரிக்காரரிடம் இரவல் வாங்கினேன். முதல் தடவை கரி. அறை முழுக்கப் புகை, அவர் வாளியில் தண்ணீரோடு மேலே ஓடி வந்தார். இரண்டாவது தடவை பயந்து சீக்கிரம் இறக்கினேன், வைக்கோல் தண்ணீர் மாதிரி இருந்தது. மூன்றாவது தடவை இரண்டாவது வெடிப்புக்கு முன்னால் சரியாக இறக்கினேன். நாலு நாள், துணி கட்டி, ஜன்னலோரத்தில் வைத்தேன். இந்த அறையில் அலமாரி இல்லை, அதுவே நல்லதாயிற்று.

இன்று காலை போட்டேன். முப்பது எண்ணும்போது தூள் மெத்தென்று எழும்பி, நடுவில் ஒரு குமிழி வந்து உடைந்தது. அந்த வாசனையில் அண்ணன் ஷூ மாட்டிக்கொண்டே ஒரு கையால் கப்பை வாங்குவது அப்படியே கண்ணுக்கு வந்தது. குடித்தேன். நன்றாக இருந்தது அண்ணி. கசப்பு வந்து நிற்கவில்லை, வந்து போய்விட்டது. பின்னால் ஒரு இனிப்பு. இரண்டாவது கப்பைக் கையில் வைத்துக்கொண்டு, இதை யாரிடம் சொல்வது என்று அறையைச் சுற்றிப் பார்த்தேன். நாற்காலி ஒன்றுதான் இருக்கிறது.

வீட்டுக்காரர் நேற்றும் கேட்டார். இன்னும் பதில் சொல்லவில்லை. அந்த ஜன்னலுக்கு மாட்டிய புதுக் கொக்கி இருக்கிறதா?

உங்கள் நாத்தனார்


மார்ச் 22

என் சின்னவளுக்கு,

பூனைதான் உடைத்தது என்று உன் அம்மா வேண்டுமானால் நம்பியிருக்கலாம். மறுநாள் மிஷினைத் துடைத்தவள் நான். பல்லிடுக்கில் வேர்க்கடலைத் தோல் இருந்தது. பூனை எந்த ஊரில் வேர்க்கடலை அரைக்கிறது? அன்றைக்கே தெரியும். ஒரு நாள் நீயே வந்து சொல்வாய் என்று காத்திருந்தேன். நாற்பத்தாறு வருஷம் கொஞ்சம் அதிகம்தான்.

கொக்கி இருக்கிறது. அறையைத் திறந்து இரண்டு நாளாகக் காற்றாட விட்டிருக்கிறேன். பதினாறு உருண்டையும் குப்பைக்குப் போயிற்று. கம்பளியைப் பூச்சி அரித்தால் அரிக்கட்டும், தையல்காரர் தைத்துத் தருவார், கடமைப்பட்டிருக்கிறார். காப்பி டப்பா இனிமேல் சமையலறையில், திறந்த தட்டில். அலமாரிச் சாவி ஆணியில் தொங்குகிறது. மருமகள் அதை மூன்று தடவை வந்து பார்த்துவிட்டுப் போனாள், நம்ப முடியாமல்.

வீட்டுக்காரரிடம் ஒப்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிடு. இருபத்தெட்டாம் தேதி பத்து மணி பஸ்ஸில் வா. மகன் வந்து பெட்டியைத் தூக்குவான். நீ வறுத்ததில் ஒரு டப்பா எடுத்து வா. கசப்பு வந்து போகிறதா, உட்கார்ந்துகொள்கிறதா என்று நான் பார்க்க வேண்டும். நன்றாக இல்லையென்றால் உன் கண்ணுக்கு முன்னால் தொட்டியில் கொட்டுவேன். கப்பைக் கழுவிக் கவிழ்த்தும் வைப்பேன்.

மற்ற விஷயங்களையும் முடித்துவிடுகிறேன். மகனை மன்னித்துவிட்டேன், பேசாமல் இருப்பேன் என்று அவன் பயந்ததில் நியாயம் இருக்கிறது. மருமகளை மன்னித்துவிட்டேன், செடி ஒரு புது இலை விட்டிருக்கிறது. மகளையும் பேத்தியையும் மன்னித்தாயிற்று. தையல்காரரை நேற்று மத்தியானம் கூப்பிட்டு நல்ல காப்பி கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "அக்கா, இதுதான் ஒசந்த ரகம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பூனையிடம் மன்னிப்பு நீதான் கேட்க வேண்டும், அது செத்து நாற்பது வருஷம் ஆகிறது. டப்பாவை அந்த அலமாரியில் வைத்த ஒருத்தி இருக்கிறாளே, அவளையும் போனால் போகிறது என்று விட்டுவிட்டேன்.

நேற்று மாலை மாப்பிள்ளை ஊரிலிருந்து வந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. முதலில் காப்பியைக் கொடுப்போம், குடித்த பிறகு விசாரிப்போம் என்று, புதிதாக வறுத்த கொட்டையில், நானே பார்த்துப் பார்த்து ஒரு கப் போட்டுக் கொடுத்தேன். இந்த வருஷத்தில் நான் போட்ட நல்ல காப்பி அதுதான், வாசனை வாசல் வரைக்கும் போயிற்று. அவர் ஒரு வாய் குடித்தார். கப்பைப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார். நாள் முழுக்கப் பெயிண்டுக்கும் டர்பென்டைனுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிற மனிதர், முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு கேட்கிறார்:

"நல்லாத்தான் இருக்கு அத்தை. ஆனா அன்னைக்குப் போட்டீங்களே, அந்த மாதிரி இல்லையே. அதுல ஒரு தனி மணம் இருந்துச்சு. அந்தக் கொட்டை இன்னும் இருக்கா?"

அவர் அன்றைக்கு இரண்டாவது கப் கேட்டது பொய்க்கு இல்லையடி. நிஜமாகவே பிடித்துக் கேட்டிருக்கிறார். அதை வைத்துத்தான் நீ பெட்டியைத் தூக்கினாய், அதை வைத்துத்தான் நான் அறையைப் பூட்டினேன்.

பொய் சொன்ன ஐந்து பேரையும் மன்னித்துவிட்டேன். உண்மை சொன்ன மாப்பிள்ளையை மட்டும் இந்த ஜென்மத்தில் மன்னிக்க மாட்டேன்.

உன் அண்ணி